யாருக்குச் சொந்தம் சிவாஜி பார்க்?

நடைபயிற்சிக்காரர்கள், கிரிக்கெட் சிறுவர்கள், கட்சித் தலைவர்கள், பக்தர்கள், நீதிபதிகள் - மும்பையின் 28 ஏக்கர் மைதானம் ஒன்றுக்கு நூறு ஆண்டுகளாக நடக்கும் இழுபறி

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே மும்பை தாதரில் உள்ள சிவாஜி பார்க் விழித்துக்கொள்கிறது. முதலில் வருபவர்கள் முதியவர்கள். காதை மறைக்கும் குல்லாயும் கேன்வாஸ் ஷூவுமாக, மைதானத்தைச் சுற்றியுள்ள நடைபாதையில் வலம் வருகிறார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். மூன்று சுற்று முடித்தவர் தன்னம்பிக்கையோடு உட்காருகிறார். ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டவர் அன்றைய செய்தித்தாளைப் பற்றிப் பேச்செடுத்து அதைச் சமாளிக்கிறார். ஆறு மணிக்கெல்லாம் தோளில் கிரிக்கெட் பையோடு சிறுவர்கள் வந்துவிடுகிறார்கள். பள்ளி நேரம் முடிந்தால் மறுபடி அவர்கள். மாலையில் கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தைகளோடு தாய்மார்கள், ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள். இரவு பதினொரு மணிக்கும் ஜோடி ஜோடியாக, கும்பல் கும்பலாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்கள் எல்லோரும் உட்காருவது ஒரே இடத்தில்தான். மைதானத்தைச் சுற்றி ஓடும் குட்டைச் சுவர். மராத்தியில் அதற்குப் பெயர் 'கட்டா'. தமிழில் சொல்வதானால் திண்ணை. ஒரு வீட்டுக்குத் திண்ணை செய்யும் வேலையை இந்தச் சுவர் ஒரு பேட்டைக்கே செய்கிறது. மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தால் கிரிக்கெட். சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் ஊர் வம்பு. தாண்டிக் குதிக்க முடிகிற உயரம்தான். டிக்கெட் கிடையாது, 'நேரம் முடிந்தது' என்று விசில் ஊதி விரட்டும் காவலாளி கிடையாது. வேலி போட்டு, பூட்டு மாட்டி, புல்லை மிதிக்காதே என்று பலகை வைத்த பூங்காக்கள் மும்பையில் நிறைய உண்டு. சிவாஜி பார்க்கின் முழு ரகசியமும் அந்தச் சுவரின் உயரத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பெண்களுக்கு இந்தத் திண்ணை வேறு விதத்தில் முக்கியம். நகரத்தின் பொது இடங்களில் ஒரு பெண் காரணமில்லாமல் சும்மா நிற்க முடியாது. எங்கோ போய்க்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம் மும்பையை வைத்து இதைத்தான் அலசியது. சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமையே அதன் வாதம். இரவு பத்து மணிக்கு இரண்டு பெண்கள் கட்டாவில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தியாவில் இப்படிச் சொல்லத்தக்க இடங்கள் எத்தனை?

இந்த மைதானம் 1925-ல் பம்பாய் மாநகராட்சி உருவாக்கியது. அன்று பெயர் மாஹிம் பார்க். 1890-களின் இறுதியில் பிளேக் நோய் தாக்கிய பிறகு, நெரிசலான தென் பம்பாயிலிருந்து மக்களை வடக்கே குடியேற்றத் திட்டங்கள் தீட்டப்பட்டன. தாதரும் தமிழர்கள் நன்கறிந்த மாதுங்காவும் வளர்ந்தது அப்படித்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, மாநகராட்சி உறுப்பினர் அவந்திகாபாய் கோகலேயின் முயற்சியால் மைதானத்துக்கு சிவாஜியின் பெயர் வைக்கப்பட்டது. சுற்றிலும் மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் எழுந்தன. வளைந்த பால்கனிகள், மைதானத்தைப் பார்த்த ஜன்னல்கள். மராத்தி நடுத்தர வர்க்கம் அங்கே குடியேறியது: வக்கீல்கள், ஆசிரியர்கள், நாடகக்காரர்கள், பத்திரிகையாளர்கள். வாடகை வீட்டில் சிறிய ஹால்தான். அதனால் என்ன, எதிரே 28 ஏக்கரில் வரவேற்பறை இருக்கிறதே.

குடியிருப்பவர்களுக்கு வரவேற்பறை என்றால், நாட்டுக்கு அது மேடை. 1942 ஆகஸ்டு 9 அதிகாலையில் காந்தி கைது செய்யப்பட்டார். அன்று மாலை சிவாஜி பார்க்கில் அவர் பேசுவதாக இருந்தது. அவருக்குப் பதில் நான் பேசுகிறேன் என்று கஸ்தூர்பா அறிவித்தார். மைதானத்துக்குக் கிளம்பும்போது அவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டது. 1950-களில் பம்பாய் நகரத்தை உள்ளடக்கிய மராத்தி மாநிலம் வேண்டும் என்று எழுந்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் ஆசார்ய ஆத்ரே போன்றவர்களின் பேச்சைக் கேட்கக் கூட்டம் இங்கேதான் திரண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூடுகளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பலிகொடுத்த போராட்டம் அது. 1960 மே 1-ல் மகாராஷ்டிரம் பிறந்தது. மே தினத்தன்று மாநிலத்தின் அணிவகுப்பு சிவாஜி பார்க்கில் நடப்பதன் பின்னணி இதுதான். மைதானத்தின் ஓரத்தில் குதிரை மீது அமர்ந்திருக்கும் சிவாஜியின் சிலை 1966-ல் வந்தது. வாளை ஓங்காமல், கையை முன்னே நீட்டி வழிகாட்டுகிற சிவாஜி அவர்.

அதே 1966-ல் வந்த இன்னொன்று தமிழர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அருகிலுள்ள ரானடே சாலை வீட்டில் ஜூன் 19 அன்று பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். அக்டோபர் 30 அன்று முதல் தசரா பொதுக்கூட்டம் சிவாஜி பார்க்கில். தாக்கரே நடத்திய 'மார்மிக்' வாரப் பத்திரிகை, அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை அதற்கு முன்பிருந்தே அச்சிட்டு வந்தது. டைப்ரைட்டரும் சுருக்கெழுத்துமாக ரயிலேறி வந்து பிழைத்த 'மதராஸி'தான் அன்றைய எதிரி. 'லுங்கியை விரட்டு' என்ற கோஷமும் உடுப்பி ஓட்டல்கள் மீதான தாக்குதல்களும் அந்த ஆண்டுகளின் கதை. மாதுங்காவிலிருந்து சிவாஜி பார்க் கொஞ்ச தூரம்தான். ஆனால் தசரா அன்று அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்கத் தயங்கிய ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மற்ற 364 நாட்களில் அந்தக் குடும்பத்துப் பையன்கள் அதே மைதானத்தில் மராத்திப் பையன்களோடு பந்து பொறுக்கிக்கொண்டிருந்ததும் உண்மை. சேனாவின் எதிரிப் பட்டியல் பின்னர் மாறிக்கொண்டே போனது. தசரா கூட்டம் மாறவில்லை. மைதானத்துக்கு 'சிவதீர்த்' என்று புதுப்பெயரே சூட்டினார் தாக்கரே.

அரசியல்வாதிகளுக்கு இந்த மண் ராசியானது என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. 1995 மார்ச்சில் மனோகர் ஜோஷி முதல்வராகப் பதவியேற்றது ராஜ்பவனில் அல்ல, இங்கே. அதே ஜோஷி 2013 தசரா கூட்டத்தில் தொண்டர்களின் கூச்சலைத் தாங்க முடியாமல் இதே மைதானத்து மேடையிலிருந்து இறங்கிப் போக நேர்ந்தது. ராசி இரு பக்கமும் வெட்டும். சேனாவை விட்டு வெளியேறிய ராஜ் தாக்கரே 2006-ல் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவை அறிமுகப்படுத்தியதும் இங்கே; அவர் வீடே மைதானத்துக்கு எதிரில்தான். 2019 நவம்பர் 28-ல் உத்தவ் தாக்கரே முதல்வராகப் பதவியேற்றதும் இங்கே. 2022-ல் சேனா இரண்டாக உடைந்தபோது கட்சிப் பெயர், சின்னம் ஆகியவற்றோடு சண்டைக்கு வந்த மூன்றாவது சொத்து சிவாஜி பார்க். உத்தவ் அணி, ஏக்நாத் ஷிண்டே அணி இரண்டும் தசராவுக்கு மைதானம் கேட்டன. சட்டம்-ஒழுங்கைக் காரணம் காட்டி மாநகராட்சி இரண்டு பேருக்கும் இல்லை என்றது. மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டு உத்தவுக்கு அனுமதி அளித்தது. ஷிண்டே பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு பேட்டை மைதானத்தில் கூட்டம் போடும் உரிமைக்காக ஒரு முதல்வரும் ஒரு முன்னாள் முதல்வரும் மல்லுக்கட்டிய அதிசயம் வேறெங்கும் நடந்திருக்காது.

இத்தனை மேடைகளின் ஒலிபெருக்கிகளும் யாருடைய காதில் விழும்? எதிரே பால்கனியில் இருப்பவர்களின் காதில்தான். சுற்றுவட்டாரத்தில் பள்ளிகள் இருக்கின்றன, நோயாளிகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். குடியிருப்பவர்கள் தரப்பிலிருந்து பொதுநல வழக்கு போனது. 2010 மே மாதம் உயர் நீதிமன்றம் சிவாஜி பார்க்கை அமைதி மண்டலமாக அறிவித்தது. நாட்டின் மிக உரத்த குரல்கள் முழங்கிய மைதானம் சட்டப்படி மௌன மண்டலம்! அதற்குப் பிறகு ஒவ்வொரு தசராவுக்கும் மனு, நிபந்தனை, விதிவிலக்கு என்ற சடங்கு தொடங்கியது. சுமைரா அப்துல்அலியின் ஆவாஸ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் டெசிபல் மீட்டரோடு வந்து அளந்து எல்லை மீறலைப் பதிவு செய்தன. கடைசியில் அரசு ஒரு கணக்குப் போட்டது: விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்கு வருடத்தில் 45 நாள். குடியரசு தின அணிவகுப்பு, மே தினம், டிசம்பர் 6, தசரா என்று பங்கு பிரித்தது போக மீதி நாட்களுக்கு எப்போதும் போட்டி. பேட்டைவாசிகள் பார்வையில் 45 அதிகம். கட்சிகளின் பார்வையில் மிகக் குறைவு.

இந்தச் சண்டையில் வாயே திறக்காத தரப்பு ஒன்று உண்டு. நெட்டில் பந்தடித்துக்கொண்டிருக்கும் சிறுவர்கள். மேடைக்காகக் குழி தோண்டினால் அவர்களுடைய ஆடுகளம்தான் போகிறது. லாரிகள் ஏறி இறங்கிய தரையை உருளை போட்டுச் சரிசெய்யப் பல நாட்கள் பிடிக்கும். அஜித் வாடேகர், விஜய் மஞ்ச்ரேக்கர், ரமாகாந்த் தேசாய், சந்தீப் பாட்டீல் என்று இந்த மண்ணோடு சம்பந்தப்பட்ட டெஸ்ட் ஆட்டக்காரர்களின் பட்டியல் நீளமானது. ஆனால் மைதானத்தை உலகம் அறியச் செய்தவர் ஒரே ஒரு முதல்தர ஆட்டம் ஆடிய மனிதர்: ரமாகாந்த் அச்ரேக்கர். பாந்த்ரா கிழக்கில் இருந்த டெண்டுல்கர் குடும்பத்துப் பையன், பயிற்சிக்கு வசதியாக இருக்கும் என்று சிவாஜி பார்க் அருகில் இருந்த சித்தி வீட்டுக்கு இடம்பெயர்ந்தது அவருக்காகத்தான். மாலைப் பயிற்சி முடியும் நேரத்தில் ஸ்டம்ப் மீது ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார் அச்ரேக்கர். அவுட்டாக்கும் பவுலருக்கு அந்த நாணயம். யாராலும் முடியாவிட்டால் சச்சினுக்கு. அப்படிச் சம்பாதித்த 13 நாணயங்களைப் பெரிய பரிசுகளுக்கு மேலாகப் போற்றுவதாக டெண்டுல்கர் பலமுறை சொல்லியிருக்கிறார். வினோத் காம்ப்ளி, பிரவீண் ஆம்ரே எல்லோரும் அந்தப் பட்டறையில் தீட்டப்பட்டவர்கள்தான். அச்ரேக்கர் 2019 ஜனவரி 2-ல் காலமானார். மைதானத்தின் ஐந்தாவது வாசல் அருகே அவருக்கு நினைவுச் சின்னம் வைக்கப்பட்டு 2024 டிசம்பர் 3-ல் டெண்டுல்கர் திறந்துவைத்தார்.

அந்தப் பட்டறை வெற்றி பெற்றதற்குப் பயிற்சியாளரின் திறமை மட்டும் காரணமில்லை. ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். ஒரு ஆட்டத்தின் லாங்-ஆன் நிற்கும் இடம் இன்னொன்றின் ஸ்லிப். எந்தப் பந்து நம்முடையது என்று கண்டுகொள்வதே பாதிப் பயிற்சி. கட்டாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோ சும்மா இருக்க மாட்டார்கள்; காலை நகர்த்து, முழங்கையை உயர்த்து என்று இலவசமாகக் குறை சொல்வார்கள். சுவரின் இன்னொரு பயன் அது. கிரிக்கெட் அளவுக்குப் பெயர் பெறாத மல்லகம்பமும் இங்கே உயிரோடு இருக்கிறது. மைதான ஓரத்தில் உள்ள சமர்த் வியாயாம் மந்திரில் வழவழப்பான மரக்கம்பத்திலும் தொங்கும் கயிற்றிலும் சிறுவர் சிறுமியர் உடலை வில்லாக வளைக்கிறார்கள். அதன் பயிற்சியாளர் உதய் தேஷ்பாண்டேக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மல்லகம்பத்தின் முதல் உலகப் போட்டி 2019 பிப்ரவரியில் நடந்ததும் சிவாஜி பார்க்கில்தான். இது தவிர வங்காளிகளின் பெங்கால் கிளப் நடத்தும் துர்கா பூஜை, சாரணர் கூடம், மூலையில் பிள்ளையார் கோயில், முதியவர்களுக்கென நானா-நானி பார்க். இடத்தை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை; பழக்கத்தில் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை மைதானம் முற்றிலும் வேறு கைகளுக்குப் போகிறது. டாக்டர் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-ல் மறைந்தார். மறுநாள் தகனம் நடந்த இடம் அருகிலுள்ள தாதர் கடற்கரை. இன்று அது சைத்யபூமி. ஒவ்வொரு டிசம்பர் 6-க்கும் விதர்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வந்து சேர்கிறார்கள். பந்தல், தண்ணீர், கழிப்பறை ஏற்பாடுகளோடு சிவாஜி பார்க் அவர்களுக்குத் தங்குமிடமாகிறது. வெள்ளை உடை உடுத்திய குடும்பங்கள் சாப்பாட்டு மூட்டையோடு மண்ணில் படுத்து உறங்குகின்றன. வளையல் கடையும் பொம்மைக் கடையும் மொய்க்கிற வழக்கமான திருவிழா அல்ல இது. அம்பேத்கரும் புலேயும் எழுதிய புத்தகங்களைக் குவித்துவைத்த கடைகள் வரிசை வரிசையாக நிற்கும். கூலிக்காரர்கள் புத்தகப் பையோடு ஊர் திரும்பும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. கூட்டம், குப்பை என்று பேட்டையில் சிலர் முகம் சுளிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. தசராவுக்கு வரும் கூட்டமும் குப்பை போட்டுவிட்டுத்தான் போகிறது. அதற்கு அவ்வளவு முகச்சுளிப்பு இல்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சாதி என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சாவும் இந்த மைதானத்தைச் சிக்கலில் மாட்டிவிட்டது. 2012 நவம்பர் 18-ல் பால் தாக்கரேயின் உடல் சிவாஜி பார்க்கிலேயே தகனம் செய்யப்பட்டது. சிதை மூட்டிய இடத்தில் எழுந்த தற்காலிக மேடையை அகற்றத் தொண்டர்கள் மறுத்தார்கள். மாநகராட்சி நோட்டீஸ் விட்டது. பேட்டைவாசிகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிக் கவலைப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் மேடை அகன்றது. நினைவிடமாக ஒரு சிறு தோட்டம் மட்டும் மைதானத்தில் அமைந்தது. பெரிய நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருந்த மேயர் மாளிகையைக் கொடுத்து அரசு பிரச்சினையைச் சமாளித்தது. மேயர் பைகுல்லா மிருகக்காட்சிசாலை வளாகத்துக்குக் குடிபோனார். 2022 பிப்ரவரி 6-ல் லதா மங்கேஷ்கருக்கும் இங்கேயே இறுதிச் சடங்கு. உடனே அவருக்கும் நினைவிடம் வேண்டும் என்று ஒரு குரல், மைதானத்தை விளையாடவே விட்டுவையுங்கள் என்று எதிர்க்குரல். நினைவிடம் வேண்டாம் என்று சொல்வது பாட்டை அவமதிப்பதாகாது. ஒரு மனிதருக்குச் சில சதுர அடி என்று நூற்றாண்டு முழுக்கக் கொடுத்துக்கொண்டே போனால் பையன்கள் எங்கே பந்து போடுவது? ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளிகூட மிஞ்சாத நகரத்தில் இது நியாயமான கேள்விதான்.

இவ்வளவு பெரிய எதிரிகளைச் சமாளித்த பேட்டையைத் தோற்கடித்துக்கொண்டிருப்பது புழுதி. 2015-ஐ ஒட்டி மைதானத்தைச் சமப்படுத்துவதற்காக லாரி லாரியாகச் செம்மண் கொட்டப்பட்டது. மழைக்காலம் முடிந்து ஈரம் காய்ந்ததும் அது பொடியாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்க, மாலையில் மேற்கே கடலிலிருந்து காற்று வீச, செம்புழுதி எழும்பி எதிர் வீடுகளின் ஜன்னலுக்குள் நுழைகிறது. துணி உலர்த்த முடியாது. ஜன்னலைத் திறக்க முடியாது. பால்கனியின் அர்த்தமே போய்விட்டது. ஆஸ்துமாக்காரர்கள் பாடு சொல்ல வேண்டாம். நடந்தால் ஆரோக்கியம் என்று வந்தவர்கள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு நடக்கிறார்கள். மாநகராட்சி தண்ணீர் தெளித்தது, புல் விதைத்தது. 2021-ல் மழைநீரைச் சேமிக்க உறைகிணறுகள் தோண்டி, அந்தத் தண்ணீரை மைதானத்துக்கே தெளிக்கும் திட்டமும் தொடங்கியது. புல் முளைத்த இடத்தில் மேடை போட்டார்கள், அல்லது கிரிக்கெட் ஆடினார்கள். மண்ணையே சுரண்டி எடுத்துவிடுங்கள் என்பது குடியிருப்போரின் கோரிக்கை. ஆடுகளத்துக்கு மண் வேண்டுமே என்பது கிரிக்கெட் தரப்பின் தயக்கம். விவகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்வரை போய், 2024 சட்டமன்றத் தேர்தலில் மாஹிம் தொகுதியின் வாக்குறுதிகளில் இடம்பிடித்தது. மாநிலம் வேண்டும் என்று முழங்கிய மண்ணில் இன்று ஜன்னலைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை. கேட்கச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் மூச்சுவிட முடியாத வரவேற்பறையில் யாரும் நீண்ட நேரம் உட்கார மாட்டார்கள்.

ஜூன் மாதம் வந்தால் இந்த வழக்குகள் அனைத்துக்கும் தற்காலிகத் தீர்ப்பு கிடைக்கிறது. முதல் இரண்டு மழையில் புழுதி அடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் யாரும் விதைக்காத புல் தானாக முளைக்கிறது. மழைக் கிரிக்கெட்டுக்கென்றே 1948-ல் தொடங்கப்பட்ட காங்கா லீக்கின் ஆட்டங்களில் பந்து சேற்றில் சிக்கி நிற்கிறது. எந்தக் கட்சியும் சேற்றில் கூட்டம் போடுவதில்லை. குடைகளோடு கட்டாவுக்கு வருபவர்கள் ஈரச் சுவரில் செய்தித்தாளை விரித்து உட்காருகிறார்கள். செப்டம்பர் பாதியில் வெயில் ஏறி, புல்லின் நுனி மஞ்சளாகும். அதற்குள் தசரா மேடைக்கு அனுமதி கோரும் மனுக்கள் மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.